ஆர்க்கிட்ரேவ் என்றால் தலைமை உத்திரம்

போன மாதம் ஒரு நாள் காலையில் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின நான்கு வருடம் என்னோடு கட்டட சைட்டில் இருந்த சென்னைப் பெண். இப்போது புனேயின் வாகட் பகுதியில் ஒரு பெரிய குடியிருப்புக்கு பிராஜெக்ட் மேனேஜர். அங்கே வீடு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள். ஊரிலிருந்து வந்து தங்குகிற அவர்களின் அப்பா அம்மாவுக்காக, வீட்டைப் பராமரிப்பது பற்றிய குறிப்பு ஒன்றைத் தமிழில் அச்சடிக்கிறார்களாம்.

"மேடம், ஆர்க்கிட்ரேவுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றாள்.

"பட்டின்னு போடு."

"அது சைட்ல பேசறது மேடம். அச்சுல போடற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தேன். கதவைத் தாங்குகிற முழுச் சட்டத்துக்கு நிலை என்று பெயர் இருக்கிறது. அதன் இரண்டு பக்க மரத்துக்கும் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வாசக்கால் என்போம். ஆனால் அந்தச் சட்டமும் சுவரும் சேருகிற இடத்தில், இடுக்குத் தெரியாமல் இருக்க மூன்று பக்கமும் சுற்றி அடிக்கிறார்களே ஒரு மெல்லிய மரப்பட்டி, அதற்கு எனக்குத் தெரிந்து தமிழில் தனிப் பெயர் இல்லை. நம்மூர்ப் பழைய வீடுகளில் அது கிடையாது. இடுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் நாலு எறும்பு குடியிருக்கட்டும் என்று விட்டவர்கள் நாம். இப்போதோ சட்டம், பட்டி எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே ஒன்றாக வந்து இறங்குகின்றன. இடுக்கில் இறுகிப்போகும் ரசாயன நுரையை அடித்தால் அரை மணியில் வேலை முடிந்தது.

கவிதாவுக்கு "ஓரப்பட்டி" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் ஆர்க்கிட்ரேவ் என்ற அந்தச் சொல் அன்று முழுக்க என்னை விடவில்லை. அதன் அர்த்தத்தை எனக்குச் சொன்ன மனிதருக்கு நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவரும் முக்கால்வாசி மறந்திருப்பார். எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சிவில் டிப்ளமோவும் கழுத்தில் புதுத் தாலியுமாக நான் புனே வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். வீட்டுக்காரருக்கு பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் பாய்லர் வேலை. ஒரு கட்டுமான அலுவலகத்தில் முதல் இரண்டு வருடம் கதவு ஜன்னல் அட்டவணை எழுதினேன். எந்தக் கதவு எத்தனை அகலம், எந்த மரம், எந்தப் பக்கம் திறக்கும், அவ்வளவுதான் வேலை. பிறகு ஒரு இன்ஜினியர் துபாய்க்கு ஓடிப்போக, ஆள் இல்லாத குறைக்கு என்னை சைட்டுக்கு அனுப்பினார்கள். சைட்டில் சித்தாள்களைத் தவிர வேறு பெண் கிடையாது. மராத்தியும் வராது. தட்டுத்தடுமாறி ஒரு வருடத்தில் மேஸ்திரிகளைத் திட்டுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டேன்.

அங்கே தலைமை இன்ஜினியர் ஜோக்ளேகர் சார். பழைய புனேக்காரர். புனேக்காரர்களுக்குக் கறாரான அறிவிப்புப் பலகை எழுதுவது பிறவிக் குணம். சைட் அலுவலகச் சுவரில் அவர் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கும்: "கேள்வி கேட்குமுன் வரைபடத்தைப் பார்க்கவும். பார்த்த பின்னும் கேள்வி இருந்தால் மறுபடி பார்க்கவும்." டீ பிளாஸ்க்குக்கு மேல் இன்னொன்று: "இங்கே டீ கிடைக்கும். சமாதானம் கிடைக்காது." மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குவார். அந்த நேரத்தில் மாடி இடிந்து விழுந்தாலும் இரண்டரைக்குச் சொன்னால் போதும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கூலி ஆள் முதல் முதலாளி வரை எல்லோரையும் மரியாதையாகத்தான் அழைப்பார். என்னை "பாயி" என்பார். மராத்தியில் அது அம்மணி என்பதுபோல.

என் முதல் மாதத்திலேயே அவரிடம் மாட்டினேன். ஒரு படுக்கையறைக் கதவைப் பார்த்துச் சரி என்று தாளில் எழுதியிருந்தேன். அவர் மாடியேறி வந்து பட்டியை உற்றுப் பார்த்தார். உளியை வாங்கி நெம்பினார். பட்டி கழன்று வந்தது. பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. அதில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கசக்கித் திணித்து மேலே பூசியிருந்தான் கொத்தனார்.

"பாயி, இதுக்குப் பேரு என்ன?" என்றார், பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

"பட்டி, சார்."

"அது நம்ம ஆளுங்க வெச்ச பேரு. அட்டவணையில நீங்க என்னன்னு எழுதறீங்க?"

"ஆர்க்கிட்ரேவ்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, தூங்கப் போகிற குழந்தைக்குக் கதை சொல்கிற குரலில் சொன்னார்: "ஆர்க்கின்னா தலைமை. அது கிரேக்கம். ட்ராவேன்னா உத்திரம். அது இத்தாலிக்காரன் லத்தீன்ல இருந்து எடுத்தது. தலைமை உத்திரம். அந்தக் காலத்துக் கோயில்ல வரிசையாத் தூணு நிக்கும். தூணுங்க மேல முதல்ல படுக்கிற கல்லு இதுதான். அதுக்கு மேல இருக்கிற மொத்தப் பாரத்தையும் இது வாங்கும். அந்தக் கல்லோட முகத்துல வரிவரியாச் செதுக்கினாங்க. அழகா இருக்கேன்னு அதே வரியைக் கதவைச் சுத்தியும் செதுக்கினாங்க. அப்புறம் கல்லு போயி மரம் வந்தது, மரம் இளைச்சுப் பட்டி ஆச்சு. பாரம் போச்சு, பேரு மட்டும் நிக்குது. இப்ப இதோட வேலை இடுக்கை மறைக்கிறது. நம்ம ஆபீஸ்லயும் பெரிய பதவியில அப்படிச் சில பேர் இருக்காங்க."

முதலாளியின் மைத்துனரைத்தான் சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

அன்றைக்கே மற்றப் பெயர்களையும் சொன்னார். இந்திக்காரர்கள் நிலையைச் சௌகட் என்பார்கள். சௌ என்றால் நான்கு, கட் என்பது காட்டம், கட்டை. நான்கு கட்டை சேர்ந்தது சௌகட். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் கீழ்க்கட்டை போய் மூன்றுதான் நிற்கிறது. பக்கத்து மரத்தை ஆங்கிலத்தில் ஜாம்ப் என்கிறோமே, அது பிரெஞ்சுக்காரனின் கால். "எங்க ஊர்லயும் அது கால்தான் சார், வாசக்கால்" என்றேன். "பாருங்க, எங்கேயோ இருக்கிற ரெண்டு ஊர்க்காரனுக்கும் கதவுக்குக் கால் இருக்கிறது தெரிஞ்சிருக்கு" என்று அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்து நான் பார்த்த முதல் தடவை அது.

பிறகு வேலை முறையைக் காட்டினார். சட்டத்தைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது பட்டியும் அல்ல, சிமெண்டுப் பூச்சும் அல்ல. ஹோல்ட்ஃபாஸ்ட் என்கிற ஒரு சாண் நீள இரும்பு. ஒரு முனையைச் சட்டத்தின் முதுகில் திருகாணியால் முடுக்குவார்கள். மறுமுனை மீன்வால் மாதிரி பிளந்திருக்கும். அதைச் சுவரில் வெட்டிய குழிக்குள் வைத்துக் கான்கிரீட் போடுவார்கள். ஒரு காலுக்கு மூன்று, ஒரு சட்டத்துக்கு ஆறு. ஜோக்ளேகர் சார் சட்டைப் பையில் எப்போதும் ஒரு உடைந்த ரம்பப் பிளேடு இருக்கும். மரம் காய்ந்து சுருங்கினதும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நூலளவு இடுக்கு விடும் அல்லவா, அதில் பிளேடைச் செருகி மேலிருந்து கீழே இழுப்பார். இரும்பு வரும் இடத்தில் 'டக்' என்று நிற்கும். வெளியே எடுத்து, அதற்குக் கீழே செருகி மறுபடி இழுக்க வேண்டும். ஒரு கதவுக்கு ஆறு 'டக்'. ஆறும் கேட்ட பிறகுதான் பட்டி அடிக்க வேண்டும். இதுதான் அவருடைய சட்டம். எனக்கும் ஒரு பிளேடை அன்றே கொடுத்துவிட்டார்.

அவருக்குக் கீழே நாங்கள் ஏழு இன்ஜினியர்கள். சோதனைத் தாளில் நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே அவர் போட வேண்டும். மற்ற ஆறு பேர் தாளையும் எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு மாடியேறி, நாலு கதவையாவது சோதித்துவிட்டுத்தான் போடுவார். என் தாளையும் ஐந்து வருடம் அப்படித்தான் பார்த்தார். ஒரு நாள் தாளை நீட்டினேன். பேனா மூடியைக் கழற்றி, மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் நகராமல் நின்றேன்.

"என்ன பாயி?"

"மேல வந்து பார்க்கலையா சார்?"

"நீங்கதான் பார்த்துட்டீங்களே."

அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி கிளறினேன். "என்ன விசேசம் புள்ள?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். "ஒரு கையெழுத்துக்குக் கேசரியா! நாளைக்கு இன்னொருக்கா போடச் சொல்லு, மைசூர்பாகு பண்ணிப்போடு" என்று கிண்டல் செய்தார். செய்யட்டும். சம்பள உயர்வு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அதற்குப் பிறகு நாலைந்து வருடம் என் தாள்கள் எல்லாமே மேசையில்தான் கையெழுத்தாயின. மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். வாகடில் அப்போது கரும்பும் சோளமும்தான். நடுநடுவே முளைத்த கட்டடங்களில் எங்களுடையதும் ஒன்று. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. முழுப் பொறுப்பும் என்னுடையது.

மராத்திக்காரர்களுக்கு வருடத்தில் மூன்றரை முகூர்த்தம் உண்டு. அந்த நாட்களில் பஞ்சாங்கம் பார்க்கவே வேண்டாம், எது தொடங்கினாலும் நல்லது. அட்சய திருதியை அதில் ஒன்று. அன்றைக்கே பன்னிரண்டு வீட்டுக்கும் தலைவாசல் சட்டம் நிற்க வேண்டும், வீட்டுக்காரர்கள் வந்து பூஜை செய்வார்கள் என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். சட்டங்களோ முதல் நாள்தான் வந்து இறங்கின. தச்சர் பன்வாரி மிஸ்திரி ராஜஸ்தான்காரர், பொய் சொல்லாத ஆள். "மேடம், சுவர்ல குழி வெட்ட நேரம் இல்ல. இரும்பு நீட்டிக்கிட்டு இருந்தா சட்டம் உள்ளயே போகாது. இரும்பைக் கழட்டி வெச்சுட்டு இன்னிக்கு ஆப்பு அடிச்சு நிறுத்தறேன். பூஜை முடியட்டும். அடுத்த வாரம் எடுத்து, இரும்பு போட்டு, மறுபடி நிறுத்திடலாம்" என்றார். சரி என்றேன். வேறு வழியும் இல்லை.

மறுநாள் பன்னிரண்டு குடும்பமும் தேங்காயும் மாவிலையுமாக வந்துவிட்டன. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரே ஒரு ஆள். ஓய்வு பெற்ற நர்ஸ், சுமன்தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. ஏரவாடாவில் ஒற்றை அறையில் முப்பது வருடம் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எனக்கு இதெல்லாம் சொல்லித்தர யாருமில்ல. உங்க ஊர்ல எப்படிச் செய்வீங்க?" என்றார்.

எங்கள் ஊரில் நிலை வைக்கும்போது நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேலே கட்டுவோம் என்று சொன்னேன். உடனே ஆளை அனுப்பி நவதானியம் வாங்கி, அவர் வீட்டுச் சட்டத்தின் தலைமூலையில், சுவரோரமாக என் கையாலேயே ஒரு முடிச்சைக் கட்டினேன். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆசை. அப்புறம் அவருக்கு அடுத்தவருக்கு. கடைசியில் பன்னிரண்டு நிலைக்கும் நானே நவதானியம் கட்டினேன். ஒருத்தர் என் காலில் விழாத குறை. பூசாரி மாதிரி உச்சி குளிர்ந்து நின்றேன்.

அடுத்த வாரம் பன்வாரி சட்டத்தை எடுக்க வந்தபோது, வேலையைப் பார்க்க வந்திருந்த முதல் மாடிக்காரர் ஒருவர் ஓடி வந்து பூஜை செய்த நிலையை அசைக்கக் கூடாது என்றார். எனக்கும் மனசில்லை. நான் கட்டின முடிச்சு அல்லவா! "சட்டத்தை எடுக்க வேண்டாம் மிஸ்திரி. பக்கவாட்டுல சுவரை வெட்டி இரும்பைப் போட்டுடுங்க" என்று சொன்னேன். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் தலையாட்டினார். மறுநாள் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கொத்தனார் வந்து இடுக்கில் கலவையைத் திணித்துப் பூசிவிட்டுப் போனார்.

தசரா வந்தது. வீட்டுக்காரர்கள் குடிவர அவசரப்பட்டார்கள். உள்கதவுகள் அத்தனைக்கும் பிளேடு விட்டுப் பார்த்தேன், ஒன்று விடாமல். தலைவாசலுக்கு வந்தபோது பன்னிரண்டிலும் பட்டி அடித்து, பாலிஷ் போட்டு, ஒன்றிரண்டில் தோரணமே தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்துப் பார்க்க வேண்டும். பிய்த்தால் கூச்சல் போடுவார்கள். இரும்பு போடச் சொல்லியிருந்தேனே, போட்டிருப்பார்கள். சொன்னதையே செய்ததாக எடுத்துக்கொண்டேன். சோதனைத் தாளின் பன்னிரண்டு கட்டத்திலும் ஆறு, ஆறு, ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜோக்ளேகர் சார் மேசையில் வைத்து, கீழே போட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் சுமன்தாயி போன் செய்தார். புகார் இல்லை. "காத்துல கதவு அடிச்சா வலது பக்கப் பட்டி நகம் அளவு பிளக்குது. அவசரமில்ல. இந்தப் பக்கம் வந்தா ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

சனிக்கிழமை போனேன். அவர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். பட்டியை மெதுவாக நெம்பி எடுத்தேன். மேல் மூலையில் என் மஞ்சள் முடிச்சு கறுத்துப் போயிருந்தது. தொட்டதும் பிய்ந்து, உளுத்த உளுந்தும் கொள்ளும் வண்டுமாகக் கொட்டியது. பிளேடை உச்சியில் செருகி இழுத்தேன். எங்கும் நிற்காமல் தரை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபக்கமும் அப்படியே. ஒரு 'டக்' இல்லை.

அந்தச் சட்டத்தில் தேக்குக் கதவு ஒன்று, வெளியே இரும்புக் கம்பிக் கதவு ஒன்று, இரண்டும் தொங்கின. அத்தனை பாரத்தையும் வெறும் கலவை பிடித்துக்கொண்டிருந்தது. என்றைக்காவது யாராவது வேகமாக இழுத்தால் கதவும் சட்டமுமாக ஆள்மேல் சாயும். டீயைக் குடித்தேனா என்றே நினைவில்லை. நேரே மீந்த சாமான் போடும் கம்பெனி குடோனுக்குப் போனேன். மூலையில் ஒரு சாக்கு. உள்ளே துருப்பிடித்த ஹோல்ட்ஃபாஸ்டுகள். எண்ணினேன். எழுபத்திரண்டு. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுகூடக் குறையவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார்: "எதுக்குப் புள்ள தானாப் போயி தலையைக் குடுக்கிற? பட்டி ரிப்பேருன்னு சொல்லி, சத்தமில்லாம இரும்பைப் போட்டுப்போடு. வீடும் கெட்டியாப் போகும், உம் பேரும் கெடாது."

"சாருகிட்டச் சொல்லாமயாங்க?"

"சொன்னா அவரு மனசுதான் நோகும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வேலை போய்விடும் என்றுகூட நான் பயப்படவில்லை. மேசையில் வைத்துப் போடுகிறாரே, அந்தக் கையெழுத்துப் போய்விடும் என்றுதான் பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான்கு நாள் ஏற்பாடு செய்தேன். பன்வாரியைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் அழாத குறையாகத் தலையில் அடித்துக்கொண்டார். ஆள், சிமெண்ட், உளி எல்லாம் தயார். குடோனிலிருந்து எடுத்துப் போக ஜோக்ளேகர் சாரின் கையெழுத்து மட்டும் பாக்கி. "பட்டி ரிப்பேர், பன்னிரண்டு வீடு" என்று எழுதிச் சீட்டை நீட்டினேன்.

பேனா மூடியைக் கழற்றினார். நிறுத்தினார்.

"பன்னிரண்டிலும் பட்டி கெட்டுப்போச்சா? ஒரே நேரத்துலயா?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மரம் சரியில்லையோ என்று நினைத்துத்தான் கேட்டார். அப்படிக் கேட்டதால்தான் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நவதானியம் உட்பட.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரும்பு எத்தனை இருக்கு?"

"எழுபத்திரண்டு, சார்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை."

அன்றைக்குப் புதன்கிழமை. அவர் நாட்காட்டியைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"வாங்க, போலாம்" என்று எழுந்தார்.

பன்னிரண்டு வீட்டுக்கும் நேரில் போனோம். முதல் வீட்டில் நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்: "உங்க தலைவாசல் சட்டத்துல இரும்பு இல்ல. இருக்குன்னு கையெழுத்துப் போட்டவன் நான். நான் வந்து பார்க்கல." வெளியே வந்ததும், "சார், தப்பு என்னுது. நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க பார்க்காதது நம்ம ஆபீஸ் விஷயம் பாயி. நான் பார்க்காததுதான் அவங்க விஷயம்" என்றார்.

பன்னிரண்டு கதவிலும் அதே வாக்கியத்தைச் சொன்னார். முதல் மாடிக்காரர் கத்தினார், வக்கீலைப் பார்ப்பேன் என்றார். ஒருவர் பூஜையை மறுபடி யார் செலவில் செய்வது என்று கேட்டார். அத்தனையையும் அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு மாடிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் இரண்டு படி பின்னால் ஏறினேன். அந்தப் படிகளை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

சுமன்தாயி மட்டும் கத்தவில்லை. எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வார்டுல நாப்பது பேர். ஒரு நாள் காய்ச்சல் பார்க்காமலேயே ஒருத்தர் சார்ட்டுல நூறுன்னு எழுதினேன். முந்தின நாள் நூறு, அதுக்கு முந்தின நாளும் நூறு. அன்னிக்கு அவருக்கு நூத்தி நாலு."

"அப்புறம்?" என்றேன்.

"டாக்டர் கண்டுபிடிச்சார். ஆள் பிழைச்சுட்டார்." காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "முதல்ல என் வீட்டுல வேலையை ஆரம்பியுங்க."

அவர் வீட்டில்தான் தொடங்கினோம். பட்டியைக் கழற்றி, சட்டத்தை அசைக்காமல் பக்கத்துச் சுவரை ஆறு இடத்தில் வெட்டி, இரும்பைச் சட்டத்தில் முடுக்கி, குழிக்குக் கான்கிரீட் போட்டோம். மூன்று நாள் கதவை மூடக் கூடாது, அதிர்ச்சி படக் கூடாது. தனியாக இருக்கிற பெண்பிள்ளையின் வீடு மூன்று நாள் திறந்து கிடந்தது. பகலெல்லாம் நான் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரவுக்கு எதிர்வீட்டு அம்மாள் வந்து படுத்துக்கொண்டார். நான்காம் நாள் பிளேடை விட்டேன். ஆறு 'டக்'. இப்படிப் பன்னிரண்டு வீடும் முடிய மழைக்காலமே முடிந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. கத்தினவர் வக்கீலைப் பார்க்கவும் இல்லை. அலுவலகத்தில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கும் ஒன்று வந்தது. முப்பத்தைந்து வருட வேலையில் அவர் வாங்கிய ஒரே கடிதம்.

அவர் என்னிடம் கொஞ்சமும் மாறவில்லை. அதே பாயி, அதே கிண்டல், டீ வந்தால் எனக்கும் ஒரு கோப்பை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. அடுத்த கட்டடத்தின் தாளை நீட்டியபோது, அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தார். அதற்குப் பிறகு என் தாள் எதுவும் மேசையில் கையெழுத்தாகவில்லை. நான் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது?

அடுத்த மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாளிலும் ஒரு தாள் இருந்தது, என்னுடையது. மூன்றாம் மாடியில் நான்கு வீடு. காலையிலேயே ஒவ்வொரு கதவையும் இரண்டு தடவை பார்த்திருந்தேன். கீழே மாலையும் பேடா இனிப்பும் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தாளை எடுத்துக்கொண்டு ஏறினார். மூன்றாம் மாடி வந்ததும் மூச்சு வாங்க, கவிழ்த்து வைத்த ஒரு பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "சார், நான் பார்த்துட்டேன் சார். இன்னிக்காவது உட்காருங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"தெரியும் பாயி" என்றார். "அன்னிக்கும் நீங்க பார்த்திருப்பீங்கன்னுதான் நினைச்சேன்."

கையை ஊன்றி எழுந்து முதல் கதவுக்குப் போனார். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.